வயதான பெற்றோருக்காக வீட்டை மாற்றக் காசுக்கு எங்கே போவது? கொழும்பு வீடுகளுக்கான கேள்வி பதில்

எங்கள் வீடு வெள்ளவத்தையில். அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத் தொடங்கினோம். எங்களைப் பார்த்துச் சொந்தக்காரரும் பக்கத்து வீட்டாரும் கேட்ட கேள்விகளையும், ஓடித் திரிந்து நாங்கள் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டு மாற்றத்துக்கென்று அரசாங்கம் காசு தருமா?

வயது 60ஐத் தாண்டிய எல்லோருக்கும் வீடு திருத்தக் கொடுக்கும் உதவி என்று ஒன்று கிடையாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் "ஏதோ ஒரு ஸ்கீம் இருக்காம்" என்று காத்திருந்தே பல மாதங்களைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். சின்னச் சின்ன இடங்களில் கிடைப்பதைச் சேர்த்துத்தான் வேலையை முடிக்க வேண்டும். கம்பிக்கு மாதச் சம்பளம், குளியலறைக்கு வைப்பு வட்டி, பெரிய வேலைக்கு வெளிநாட்டில் இருக்கும் தம்பி என்று எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. எந்த வேலைக்கு எந்தக் காசு என்று பிரித்துவிட்டால் கடன் வாங்க வேண்டிய தொகை நினைத்ததைவிடக் குறைவாகவே வரும்.

கையில் கொஞ்சக் காசுதான். எதை முதலில் செய்வது?

குளியலறை. யோசிக்கவே வேண்டாம்.

விழுவது அங்கேதான். ஈரத் தரை, வழுக்கும் டைல்ஸ், பழைய வீடுகளில் ஒரு படி இறங்கிப் போகும் குளியலறை, இரவில் அரைத் தூக்கத்தில் போவது, எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. கொமட் அருகே ஒரு கைப்பிடிக் கம்பி, குளிக்கும் இடத்தில் இன்னொன்று, அடியில் பிடிப்புள்ள ரப்பர் விரிப்பு, கட்டிலில் இருந்து குளியலறை வரை இரவு முழுக்க எரியும் சின்ன எல்ஈடி விளக்கு. இவற்றுக்குக் கடன் தேவைப்படாது. குவாரி வீதியிலோ பழைய சோனகத் தெருவிலோ நாலு கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கம்பி விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்ல வேண்டும். முதலில் வந்த மேசன் பாஸ் துவாய் தொங்கவிடும் கம்பியையே பூட்டிவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு கிழமைக்குள் அம்மா அதைப் பிடித்து எழும்பப் போக, ஒரு பக்கம் டைல்ஸோடு கழன்று கையில் வந்தது. துவாய்க் கம்பி ஈரத் துணியைத்தான் தாங்கும். ஆளின் எடை முழுவதையும் தாங்குகிற, சுற்றிப் பிடிக்க வசதியாக ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை, டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் நன்றாக இறங்கும் திருகாணியால் பூட்ட வேண்டும். பொள்ளல் கல் (உள்ளே வெறுமையாக இருக்கும் சிமெந்துக் கல்) கட்டிய சுவர் என்றால் பாஸிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குப் பூட்டும் முறை வேறு.

இரண்டாம் முறை வேறொரு பாஸ் வந்தார். அம்மாவைக் கொமட்டில் உட்காரச் சொல்லி, "இப்ப எழும்புங்கோ அம்மா" என்றார். எழும்பும்போது அம்மாவின் கை தானாகவே சுவரில் எங்கே போய் ஊன்றியதோ, அந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டார். நாங்கள் சொல்லி வைத்திருந்த உயரத்தைவிட அது மூன்று அங்குலம் கீழே இருந்தது. அந்தக் கோட்டில் பூட்டிய கம்பி இன்றுவரை அசையவில்லை. புத்தகங்களில் தரையில் இருந்து 33 முதல் 36 அங்குலம் என்று இருக்கும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அளவை உங்கள் வீட்டு ஆளின் கையில் இருந்து எடுங்கள்.

எதை மாற்றுவது என்று யாரிடம் கேட்பது? ஆலோசனைக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில போதனா வைத்தியசாலையிலும் இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் இருக்கிறார்கள். எழும்புவது, இருப்பது, குளிப்பது, உடுப்பது போன்ற அன்றாட வேலைகளை ஒருவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில்வழிச் சிகிச்சையாளரின் வேலை. கிளினிக் போகும்போது டொக்டரிடம் கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகுமுன் குளியலறை, கட்டில், வாசற்படி மூன்றையும் போனில் படம் எடுத்து, படி உயரம், கதவு அகலம், கொமட் உயரம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொண்டு போனால் பேச்சு வேகமாக நடக்கும். டொக்டர் எழுதித் தரும் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். உதவிக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலிக்கு ரேம்ப் கட்ட எவ்வளவு ஆகும்?

விலையைக் கேட்குமுன் நீளத்தைக் கணக்குப் பாருங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதுதான் பொதுவான அளவு. மூன்று படி, ஒவ்வொன்றும் 6 அங்குலம் என்றால் 18 அங்குலம். ஆக, ரேம்ப் 18 அடி நீளம் வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கம் படி இறங்கியதும் தெருதான். 18 அடிக்கு எங்கே போவது? இடம் இல்லையே என்று 6 அடிக்குள் செங்குத்தாகக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அதில் நாற்காலியைத் தள்ளி ஏற்ற ஒரு ஆளால் முடியாது, இறக்கும்போது கை நழுவினால் நேரே ரோட்டில்தான். அப்படிப்பட்ட ரேம்ப் காசுக்கும் நட்டம், உயிருக்கும் ஆபத்து.

நடக்கக்கூடியவர் என்றால் ரேம்ப்பே வேண்டாம். இரு பக்கமும் கைபிடி போட்டு, 6 அங்குலப் படியை மூன்று மூன்று அங்குலமாகப் பிரித்து அரைப்படி கட்டலாம். செலவும் குறைவு. சக்கர நாற்காலி கட்டாயம் என்றால் மட்டும் கழற்றி மடிக்கும் ரேம்ப்பை விசாரியுங்கள். அதற்கும் நீளக் கணக்கு இதேதான், கூட நின்று பிடிக்கப் பலமான ஆளும் தேவை.

தொடர்மாடியில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்குள்ளே செய்ய யாரிடமாவது கேட்க வேண்டுமா?

கம்பி பூட்ட, விளக்குப் போட, கொமட் மாற்றக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சுவர் உடைப்பது, குளியலறைத் தரையைக் கிண்டிக் குழாய் மாற்றுவது, வாசலுக்கு வெளியே நடைபாதையில் கைபிடி வைப்பது எல்லாம் வேறு கதை. தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் பொது உடைமை. முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள்.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. படிக்கட்டுக் கைபிடி, லிஃப்ட் வாசலில் உள்ள உயர வித்தியாசம் போன்றவை பொது இடத்து வேலை என்பதால், மாதாமாதம் எல்லோரும் கட்டும் பராமரிப்புக் காசிலிருந்தே செய்யும்படி கேட்கலாம். எந்தத் தொடர்மாடியிலும் நாலைந்து வயோதிபர்களாவது இருப்பார்கள். தனியாகக் கடிதம் கொடுக்காமல் அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எங்கள் மாடியில் இரண்டாவது கைபிடி அப்படித்தான் வந்தது. எங்களுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

வாடகை வீடு. சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடுவாரா?

கேட்டுத்தான் பார்க்க வேண்டும். "போகும்போது ஓட்டையை அடைத்துத் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் அநேகமாகச் சம்மதிப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், கொமட்டின் மேல் வைக்கும் உயர இருக்கை, பக்கக் கைபிடியோடு வரும் கொமட் நாற்காலி, குளிக்கும் ஸ்டூல், கட்டிலின் கால்களுக்கு அடியில் வைக்கும் உயரக் கட்டைகள் போன்ற கழற்றிக்கொண்டு போகக்கூடிய சாமான்களில் காசைப் போடுங்கள். அட்வான்ஸில் கழிப்பதாகச் சொல்லி வாடகை வீட்டில் டைல்ஸ் மாற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒப்பந்தம் முடிந்து எழும்பச் சொன்னால் அந்தக் காசு போனதுதான்.

பிரதேச செயலகத்தில் என்ன கிடைக்கும்?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தார் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். அங்கே சமூக சேவை உத்தியோகத்தரையும் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் கேளுங்கள். மறக்காமல் கிராம சேவகரின் கடிதத்தோடு போங்கள்.

வருமானம் குறைந்த, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. 3,000 ரூபாவாக இருந்ததை 2025இல் 5,000 ரூபாவாக ஆக்கினார்கள். வீட்டு வேலைக்கு இது போதாது, ஆனால் ஆறு மாதம் தொடாமல் சேர்த்தால் 30,000.

பக்கவாதம், கால் இழப்பு, பார்வை போனது என்று நிரந்தர இயலாமை இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் வழியும் திறக்கும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற உதவிச் சாமான்களும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீட்டுக்கும் கழிப்பறைக்குமான உதவியும் அந்த வழியில் வரும். வயதைச் சொல்லிக் கேட்பவர்களுக்குக் கிடைக்காதது சிலசமயம் இயலாமையைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். "வயசு போன ஆள், நடக்கமாட்டார்" என்று மட்டும் சொல்லாமல், டொக்டர் எழுதிய நோயின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். ஒதுக்கீடு வருடத்துக்கு வருடம் வருவது, அதனால் வருடத் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள்.

அப்புறம், 60 வயதானதும் முதியோர் அடையாள அட்டையை எடுத்துவிடுங்கள். அதில் காசு வராது. ஆனால் மருத்துவமனையிலும் வங்கியிலும் வரிசையில் முன்னுரிமை கிடைக்கும்.

அம்மாவின் நிலையான வைப்பை உடைக்கலாமா?

உடைக்காதீர்கள். வட்டியைப் பயன்படுத்துங்கள்.

மூத்த பிரஜைகளுக்கு 15 சதவீதம் வட்டி கொடுத்த பழைய திட்டம் 2022இல் நின்றுபோனது. அதை நம்பி இருந்த எத்தனையோ வயோதிபர்கள் அந்த வருடம் கலங்கிப் போனார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில், 10 இலட்சம் ரூபா வரையிலான ஒரு வருட வைப்புக்குச் சாதாரண வட்டியைவிட 3 சதவீதம் கூடுதலாகத் தருவதாக அறிவித்தார்கள். 10 இலட்சத்துக்கு அது வருடம் 30,000 ரூபா. உங்கள் வங்கியில் கேளுங்கள். வைப்பு அம்மா அல்லது அப்பாவின் பெயரில் இருக்க வேண்டும். வசதிக்காகப் பிள்ளையின் பெயருக்கு மாற்றி வைத்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஆனால் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்தவர் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 இலட்சத்துக்கு 80,000 ரூபா வரும், படிவம் கொடுத்தால் அதில் வரியாகப் போகும் 8,000 ரூபா மிச்சம். அம்மாவின் படிவத்தைக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது.

அப்பா அரசாங்க பென்சன்காரர். கடன் எடுக்கலாமா?

பென்சன் விழும் வங்கியிலேயே பென்சன்காரருக்கான கடன் இருக்கும். இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் கொடுக்கின்றன. பென்சனிலேயே மாதத் தவணையைக் கழிப்பார்கள். வயதெல்லை உண்டு. கையெழுத்திடுமுன் இரண்டு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: தவணை போக மாதம் கையில் எவ்வளவு மிஞ்சும்? கடன் முடியுமுன் அப்பாவுக்கு ஏதும் நடந்தால் காப்புறுதி மீதியைக் கட்டுமா, அல்லது அம்மாவின் தலையில் விழுமா? இரண்டாவதைக் கேட்க மனம் வராதுதான். இருந்தாலும் கேளுங்கள்.

என் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை அப்பா அம்மாவின் வீட்டுக்கு எடுக்கலாமா?

பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா இருந்தால், ஓய்வுக்கு முன்னரே 30 சதவீதம் வரை வீட்டுத் தேவைக்கோ குறிப்பிட்ட வைத்தியத் தேவைக்கோ எடுக்கலாம். 2012இல் சட்டம் திருத்தி வந்த வழி இது. உச்சம் 20 இலட்சம். விண்ணப்பம் தொழில் திணைக்களத்துக்குப் போகும். காசை எடுக்காமல், கணக்கில் இருக்கும் தொகையில் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் எடுக்கும் வழியும் உண்டு. எதற்கும் முதலில் வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், அங்கேதான் சிக்கல் வரும்.

ஆனால் ஒன்றை மனதாரச் சொல்கிறேன். கீழ்மாடியில் புதிதாக ஓர் அறையும் குளியலறையும் கட்டும் அளவு வேலை என்றால் மட்டும் இதைத் தொடுங்கள். நாளைக்கு நமக்கும் 70 வயது வரும். கம்பிக்கும் டைல்ஸுக்கும் அந்தக் காசை எடுக்கக் கூடாது.

அண்ணா கனடாவில், அக்கா லண்டனில். அவர்களிடம் எப்படிக் கேட்பது?

"காசு அனுப்புங்கோ" என்று கேட்டால் காசு வரும், வீட்டுச் செலவோடு கரைந்தும் போகும். வேலையைச் சொல்லிக் கேளுங்கள். படம், அளவு, பாஸ் எழுதிக் கொடுத்த மதிப்பீடு மூன்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது குளியலறை, இவ்வளவு. இது வாசல், இவ்வளவு. யார் எதை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். என் தம்பி குளியலறைத் தரையை எடுத்துக்கொண்டான். வேலை நடக்க நடக்கப் படம் அனுப்பினேன், பில்லையும் அனுப்பினேன். தூரத்தில் இருப்பவர்களுக்கும் தாங்கள் ஏதோ செய்தோம் என்ற நிம்மதி வேண்டுமே. அருகில் இருந்து பார்க்கும் பிள்ளை கொடுக்கும் நேரத்துக்கும் ஒரு பெறுமதி உண்டு என்பதையும் அந்தக் குழுவில் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

நகையை அடகு வைக்கலாமா? சீட்டு?

சீட்டு நல்லது, நம்பிக்கையான ஆட்கள் நடத்துவது என்றால். ஏலம் கேட்டுக் கழிவு விடாமல் முறை வரும் சீட்டில் இரண்டாவது மூன்றாவது முறையைக் கேட்டு வாங்குங்கள். அடகு வைப்பதாக இருந்தால் வங்கியில் மட்டும் வையுங்கள், மீட்கும் தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

மருத்துவக் காப்புறுதி கட்டாதா?

கட்டாது. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. கம்பிக்கும் ரேம்ப்புக்கும் அதில் இடமில்லை.

"வீட்டை என் பெயருக்கு எழுதுங்கோ, நான் எல்லாம் திருத்தித் தருகிறேன்" என்கிறார் மகன். எழுதலாமா?

அவசரப்பட வேண்டாம். எழுதுவதாக இருந்தால் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதாவது, உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை பெற்றோருடையது என்று உறுதியிலேயே வர வேண்டும். நொத்தாரிசு மகனுக்குத் தெரிந்தவராக இல்லாமல் நீங்கள் தேர்ந்தவராக இருக்கட்டும். மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியையும்கூட, பிள்ளை கடுமையாக நன்றி மறந்து நடந்தால் நீதிமன்றம் போய் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 75 வயதில் வழக்குக்கு அலைவது யாருக்கு முடியும்? ஒரு குளியலறைக்காக ஒரு வீட்டைக் கொடுப்பது கணக்கிலும் சரிவராது.

பிள்ளைகள் வசதியாக இருந்தும் ஒன்றும் தருவதில்லை. என்ன செய்வது?

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தன்னைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். அங்கே பிள்ளைகளை அழைத்துக் கதைப்பார்கள், பராமரிப்புக் கொடுக்கும்படி கட்டளையும் இடுவார்கள். பெற்ற பிள்ளைக்கு எதிராக எழுதிக் கொடுக்க யாருக்கும் கை வராது. அது எனக்குப் புரிகிறது. பிரதேச செயலகத்தில் அந்த முதியோர் உத்தியோகத்தரிடம் முதலில் வாய்மொழியாகக் கதைத்துப் பாருங்கள்.

பாஸுக்குக் காசை எப்படிக் கொடுப்பது?

சின்ன வேலைக்கு நாட்கூலி வேண்டாம், கொந்தராத்துப் பேசுங்கள். சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அப்போதுதான் துவாய்க் கம்பி கைப்பிடிக் கம்பியாக மாறாது. கடையில் விலை கேட்கும்போது 18 சதவீத வற் வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். முழுக் காசையும் முன்னுக்குக் கொடுக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். கடைசிப் பங்கைக் கொடுக்குமுன் நீங்களே அந்தக் கம்பியில் முழுப் பாரத்தோடும் தொங்கிப் பாருங்கள். தரைக்குத் தண்ணீர் ஊற்றி, அது தேங்காமல் ஓடுகிறதா, ஈரத்தில் கால் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். நல்ல பாஸ் இதற்கு மனவருத்தப்படமாட்டார்.

எல்லாம் சரி, அம்மா "எனக்கு ஒன்றும் வேண்டாம், வீணாகச் செலவழியாதே" என்கிறாரே?

எங்கள் வீட்டிலும் இதேதான். "வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காதே" என்றார். நாங்கள் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, எது கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். கம்பியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாமியறைக்குப் போகும் இடத்தில் கதவு நிலையின் அடிக்கட்டை காலில் தட்டுகிறது, அதனால் காலையில் விளக்கேற்றப் போகப் பயமாக இருக்கிறது என்றார். அத்தனை நாளும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. அடுத்த நாளே தச்சுப் பாஸைக் கூப்பிட்டு அந்தக் கட்டையைச் சீவித் தரையோடு சமப்படுத்தினோம். எல்லா வேலையிலும் குறைந்த செலவு அதற்குத்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, குசினிக்குள் இறங்கும் படியில் கை வைத்துக் காட்டி, "இதிலையும் ஒரு கம்பி போடலாமோ" என்று அவரே கேட்டார். சோக்கை எடுத்துக் கோட்டையும் அவரே போட்டார்.